குட்டி போட்ட சமன்பாடு

அக்கா கரும்பலகையில் எழுதிய சமன்பாடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் குட்டி போட்டது. போட்டதுதான் போட்டது, அவள் அறையிலேயே போடக் கூடாதா? சுவரைத் தாண்டி, அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கையின் பலகையில் போய்ப் போட்டது. கிருமிகள் தம்மைத் தாமே பிரதியெடுக்கும்போது விடுகிற பிழைகளில் எது அழியும், எது தழைக்கும் என்று கணக்கிடும் சமன்பாடு அது. எட்டு வருட உழைப்பு. குட்டியில் ஒரே ஒரு கூட்டல் குறி கழித்தலாகியிருந்தது. தட்டில் வளர்ந்த கிருமிகளை எண்ணிப் பார்த்தார்கள். தாயின் விடை தப்பு, குட்டியின் விடை சரி.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் ஒரே துணியில் தைத்த சட்டைகூடத் தங்கைக்குத்தான் எடுப்பாக இருக்கும். தங்கைக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் கை வலிக்கத் தட்டிவிட்டு, மறுநாளிலிருந்து தங்கை சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவள் அறைக்குள் நுழைந்து, தினம் ஓர் எண்ணை மாற்றினாள். மூன்றை எட்டாக்கினாள், ஆறைப் பூஜ்யமாக்கினாள். அவள் கெடுத்தவற்றில் பெரும்பாலானவை சாயங்காலத்துக்குள் வெளிறி உதிர்ந்தன. நூற்றில் மூன்று மட்டும் பிழைத்துக்கொண்டு ஆளுக்கு நாற்பது குட்டி போட்டன. ஒவ்வொன்றும் முன்னதைவிடத் துல்லியம். அவளுடைய சமன்பாடே எட்டு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, ஆத்திரத்தில் மறந்துபோனாள். தங்கைக்குப் பதவி உயர்ந்தது. சமன்பாட்டுக்கு அவள் பெயரையே வைக்கப் போவதாகவும் பேச்சு. விஷயம் உறைத்த அன்று அக்கா நிறுத்திக்கொண்டாள். அன்றே சமன்பாடும் குட்டி போடுவதை நிறுத்திவிட்டது.

மூன்றாம் வாரம் தங்கை சாக்பீஸ் டப்பாவோடு வந்து நின்றாள்.

"ஏன்க்கா, என் ரூம் பக்கமே வர்றதில்ல?"

"நான் எதுக்கு வரணும்?"

"தப்புப் போடத்தான். நானும் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் தேறல. உன்ன மாதிரி மனசாரக் கெடுக்க எனக்கு வரமாட்டேங்குது." டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, "அதுக்கு உன் பேரத்தான் வைக்கணும்னு சொல்லிட்டேன்" என்றாள்.

பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று அக்காவுக்கு இன்னும் எரிந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்தை இரண்டாக்கினாள்.

இப்போது சமன்பாடு மாடிப்படி வரை வந்துவிட்டது. பெருக்குகிறவர் அதன்மேல் துடைப்பம் படாமல் பார்த்துக்கொள்கிறார். அதற்கு அக்காவின் பெயர்தான். மதியம் ஒரு மணிக்குத் தங்கை சாப்பிட எழுந்து போகிறாள், கதவைப் பூட்டுவதில்லை.