முந்திரிக்கொட்டையை வெளியே உட்காரவைத்தல்

1

இந்தக் கதை நான் முக்காலியில் ஏறியதால் பிறந்தது. பக்கத்து வீட்டில் என்ன சத்தம் என்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்க ஏறினேன். கணுக்காலை முறித்துக்கொண்டு இறங்கினேன். (பார்த்தாயா என்று கேட்காதீர்கள். பார்க்கும் முன்பே விழுந்துவிட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல்.)

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் என் காலைத் திருப்பி வைத்தபடி, "வீட்ல யாராவது அடிச்சாங்களாம்மா?" என்றாள். என் வீட்டுக்காரர் தும்முவதற்கே என்னிடம் அனுமதி கேட்கிற மனுஷர். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எல்லார்கிட்டயும் கேப்பேன். கேக்காம விட்டா எல்லாரும் கீழ விழுந்தவங்கதான்" என்றாள்.

2

வெளியே பெஞ்சு நிறையக் கட்டுப் போட்ட பெண்கள். விசாரித்தேன், விசாரிக்காமல் என்னால் இருக்க முடியுமா? ஒருத்தி குளியலறையில் வழுக்கினாளாம். ஒருத்தி கதவில் இடித்துக்கொண்டாளாம். இன்னொருத்தி மாடிப்படியில் உருண்டாளாம். அவள் வீட்டுக்கு மாடியே கிடையாது, எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இத்தனை பூசணிக்காய்களையுமா?

3

சரி, கதை. பாவப்பட்ட தையல்காரி ஒருத்தி—

('பாவப்பட்ட' என்பதை அடித்துவிட்டேன். கடையில் வாய்த்துடுக்குக்காரி அவள். பாவமெல்லாம் அவளிடம் துணி கொடுத்தவர்கள்தான்.)

கை உடைந்து வந்திருக்கிறாள். எப்படி விழுந்தாய் என்று மருத்துவர் கேட்டார். கணவன் பதில் சொன்னான். எங்கே வலிக்கிறது? அதற்கும் அவனே. முந்திரிக்கொட்டை! தேநீர் வாங்க அனுப்பினேன். இரண்டு வரியில் திரும்பிவிட்டான். கைப்பேசியை ஒலிக்கவிட்டேன், அவளை ஒட்டி நின்றே பேசி முடித்தான். என் காகிதத்தில் இவனை ஒரு முழம் தள்ளிவைக்க எனக்கு வக்கில்லை. அவளுக்கு ஒரு வசனம் எழுதலாம் என்று பார்த்தால்...

4

ஒரே ஒரு கதவுதான் கைகொடுத்தது. படம் எடுக்கும்போது நோயாளியைத் தவிர யாரும் அந்த அறையில் இருக்கக்கூடாது.

"நான் அவ புருஷன்மா."

"யாரா இருந்தாலும் வெளியதாங்க."

உள்ளே, வீங்கிய கையைப் பலகைமேல் வைத்துவிட்டு எக்ஸ்ரேக்காரி என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். தையல்காரி கூரையைப் பார்த்தாள்.

"சொன்னா?"

"இன்னைக்கு நீங்க அவரோட திரும்பிப் போக வேண்டியதில்லை. தங்கவைக்க இங்க ஆள் இருக்காங்க. நீங்க சரின்னாதான் கூப்பிடுவேன்."

5

முடிவு ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள். (எழுதிப் பார்த்தேன். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது.)

முடிவு இரண்டு: "விழுந்துட்டேன்க்கா" என்கிறாள். அடுத்த முறை இன்னொரு கை... (எழுத வரவில்லை.)

அவளுக்குப் பதிலாக நானும் பதில் சொன்னால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அவளே சொல்லட்டும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். இதோ, உதட்டை ஈரப்படுத்துகிறாள். ஆனால் வெளியே அந்தப் பாவி, ஒரு படத்துக்கு இவ்வளவு நேரமா என்று முனகியபடி கதவைத் தட்ட எழுந்துகொண்டிருக்கிறான்.

பெஞ்சில் அவனுக்குப் பக்கத்து இடத்தில் இருப்பது நீங்கள். யார் வீட்டு விஷயமோ நமக்கு எதற்கு என்று இத்தனை காலம் வாயை மூடியிருந்தது போதும். செருப்பு எங்கே வாங்கினீர்கள் என்றாவது கேளுங்கள். அவன் எதற்கும் பதில் சொல்கிற ஆள். சீக்கிரம், கதவருகே போய்விட்டான்.