மாப்பிள்ளைக் குழாய்

எங்கள் ஆலையில் அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்தது நான்தான். எவ்வளவு தாங்கினாலும் ஏதாவது குறை கண்டுபிடித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். தண்ணீரை வேகமாக விட்டால் கோபம், மெதுவாக விட்டால் அதற்கும் கோபம்.

பலகைகளை ஒட்டும் பசை செய்கிற ஆலை எங்களுடையது. கழிவுநீரில் பீனால் என்ற நஞ்சு வரும். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களை என் அக்கா வளர்க்கிறாள். கடற்பாசிப் பசையோடு அவற்றைக் கலந்து, கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, மிளகளவு மணிகளாக இறுக வைப்பாள். நுண்ணுயிர்கள் அந்த மணிகளுக்குள் குடியிருக்கும். மணிகளைக் குழாயில் கொட்டி, அடியிலிருந்து கழிவுநீரை மேல்நோக்கித் தள்ளுவது என் பொறுப்பு. மணிகள் கீழே படியவும் கூடாது, தண்ணீரோடு மேலேறி ஓடிப்போகவும் கூடாது. நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஆடினால் மேலே வழிவது நல்ல தண்ணீர்.

வேறு ஊரில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை, "நீ வந்தாத்தான் இது நடக்கும்" என்று நச்சரித்து இங்கே இழுத்து வந்தவள் நான். இப்போது மணிகள் கூட்டம் கூட்டமாக மேலேறி வெளியேறிக்கொண்டிருந்தன. வெளிவாயில் கட்டிய வலை அடைத்துக்கொண்டது. தண்ணீரின் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

மேனேஜர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "வெள்ளிக்கிழமையும் இப்படித்தான்னா குழாயைக் கழட்டிட்டு மருந்துத் தொட்டி வச்சிடுவேன்" என்றார். மருந்தை ஊற்றி நஞ்சை முறிக்கும் தொட்டிக்கு ஒரு வால்வைத் திறக்கத் தெரிந்த ஆள் போதும், அக்கா வேண்டாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் நன்றாகவே கேட்டது.

அவர் தலை மறைந்ததும் சண்டை ஆரம்பித்தது.

"நீ பம்பைக் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுற."

"என் பம்பு ஒழுங்காத்தான் ஓடுது. உன் மணிதான் சரியில்ல."

அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் ஆளுக்கொரு குட்டு விழுந்திருக்கும். ரோஷத்தில் வேகத்தைக் குறைத்தேன். மணிகள் அடியில் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கூட்டினேன், மறுபடி ஓடின. எரிச்சலில் வலையிலிருந்து ஒரு மணியை எடுத்து நசுக்கினேன். ரப்பர் மாதிரி வழுக்க வேண்டியது, குழைந்த சோறாக விரலில் அப்பிக்கொண்டது. ஊதிப்போய், அடர்த்தி குறைந்து, மிதக்காமல் என்ன செய்யும்?

"அக்கா, லீவு முடிஞ்சு வந்து இதுக்கு என்ன போட்ட?"

"பாஸ்பேட்தான். ஒரு வாரம் ஆலை மூடியிருந்துச்சு, பட்டினி கிடந்துச்சுங்க பாவம். குடுவையில வளர்க்கும்போது போடுற மாதிரி தாராளமா..."

பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது. மணியைக் கட்டிப் பிடித்திருப்பது கால்சியம். பாஸ்பேட் அதை வெளியே இழுத்துவிடும். குடுவையில் மணியே கிடையாது, எவ்வளவு போட்டாலும் குற்றமில்லை. கைப்பழக்கம்! பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன் என்று குடியிருந்த வீட்டையே இடித்துவிட்டாள்.

கிழிகிழியென்று கிழிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போயிடறேன்டி. என்னால உன் பேரும் கெட வேண்டாம்."

"எங்க போவ? இதைக் கெடுத்தவளும் நீதான், இதைச் சரிபண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளும் நீதான். அங்கியைப் போடு."

அதட்டலாகத்தான் சொன்னேன். அவள் இல்லாவிட்டால் என்னிடம் இருப்பது வெறும் கண்ணாடி.

புது மணிகளில் உயிர்கள் பெருக வெள்ளிக்கிழமை வரையிலான நேரம் போதாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். பம்பை நிறுத்தினோம். மென்மையான மணிகளை அடிவால்வு வழியாக இறக்கினால் நசுங்கும் என்பதால் மேல்மூடியைத் திறந்து, ஏணியில் நின்று, சொம்பால் மொண்டு மொண்டு, மறுபடி இறுகட்டும் என்று கால்சியம் கரைசலில் போட்டோம். நான் மொள்ள, அவள் வாங்கி அலசினாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. "மெதுவா, மெதுவா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. மறுநாள் ஒரு மணியை நசுக்கிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் தேறியது பாதிதான்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் தனியாக வரவில்லை. ஸ்பேனரோடு இரண்டு ஃபிட்டர்களும் வந்தார்கள். தண்ணீரைச் சோதித்தார்.

"சுத்தமாத்தான் இருக்கு." ஓட்டத்தைக் காட்டும் மீட்டரைத் தட்டினார். "ஆனா பாதித் தண்ணிதானே ஓடுது?"

"சாயங்காலத்துக்குள்ள முழுசா ஓட்டிடுவோம் சார்" என்று புளுகினேன்.

"ஓட்ட முடியாது சார்" என்றாள் அக்கா. "மணி பாதிதான் மிச்சம். பாஸ்பேட்டை அதிகமா போட்டுக் கெடுத்தது நான்."

அவளை அந்த இடத்திலேயே கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. ஃபிட்டர் ஒருவர் குழாயின் அடிப்பக்கம் குனிந்துவிட்டார்.

"அப்ப மீதித் தண்ணிய என்ன பண்றது?"

"புது மணி வளருது. அதுவரைக்கும் சேமிப்புத் தொட்டியில நிக்கட்டும், இடம் இருக்கு. ஆனா ஒத்தக் குழாயை நம்பி இருக்கக்கூடாது சார். இது படுத்தா ஆலையே படுத்துடும். பக்கத்துல இன்னொண்ணு வேணும்."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கழட்ட வந்தவன்கிட்டயே இன்னொண்ணு கேக்கறியேம்மா!"

"ஆமா சார். ரெண்டையும் நானே பாத்துக்கறேன். நான் எங்கயும் போகல."

கடைசி வார்த்தையை அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக்கூட இல்லை.

மேனேஜர் குழாய்க்குள் ஆடிக்கொண்டிருந்த மணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஃபிட்டர்கள் பக்கம் திரும்பினார்.

"ஸ்பேனரை உள்ள வைங்கப்பா. டேப் இருந்தா எடுத்துப் பக்கத்து இடத்தை அளந்து பாருங்க."

ஒரு முனையை ஃபிட்டர் பிடித்தார். இன்னொரு முனையை அக்கா வாங்கிக்கொண்டு சுவர் வரை நடந்தாள்.