மேனேஜர் முழுங்கியது எத்தனை?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவே இல்லை. என் தங்கை நாய்களுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர். தன் கிளினிக் சுவரில் மாட்ட ஒரு பக்க அறிவிப்பு எழுதித் தரச் சொன்னாள். 'நாய் முழுங்கக் கூடாததை முழுங்கிவிட்டால் என்ன செய்வது?' இதுதான் தலைப்பு. "படிச்சாப் புரியணும் அண்ணா, உன் கதை மாதிரி எழுதி வைக்காதே" என்றாள். வெளியில் நான்கு பேர் நம்மை எழுத்தாளர் என்று மதித்தாலும் கூடப் பிறந்தவர்களிடம் அது செல்லாது.

முதல் வரி சுலபமாக வந்தது. 'பதறாதீர்கள்.' எழுதியதுமே சந்தேகம் வந்துவிட்டது. பதறாதே என்று சொன்னதால் பதறாமல் இருந்தவர் யாராவது உண்டா? அடித்துவிட்டு, 'பதறுங்கள், ஆனால் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே பதறுங்கள்' என்று மாற்றினேன். தங்கை அதைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினாள். ஓர் உதாரணம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். போன மாதம் வந்த ஒரு கணவன் மனைவியைப் பற்றி, யார் எவர் என்று சொல்லாமல், சொன்னாள். அதோடு அறிவிப்பு போயிற்று. கதை அதை முழுங்கிவிட்டது.

2

கதை என்றால் ஆரம்பம் வேண்டுமே. மூன்று எழுதிப் பார்த்தேன்.

'அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை' — வேண்டாம். முதல் வரியில் மழை பெய்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள்.

'சோபாவில் படுத்திருந்த மேனேஜர் தன் கடந்தகாலத்தை' — நாய்க்கு ஏது கடந்தகாலம். நேற்றுத் தின்ற பிஸ்கட்கூட அதற்கு ஞாபகம் இருக்காது.

'தராசு பொய் சொன்னதே இல்லை.' — இது நிற்கட்டும். பொய்தான், ஆனாலும் நல்ல ஆரம்பம்.

தராசு என்பது ஆபீசில் வைத்த பட்டப்பெயர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போடுகிற இன்ஸ்பெக்டர் அவர். அரைக் கிலோவுக்கு நாலு கிராம் குறைந்தால் போதும், கடைக்காரருக்கு முழி பிதுங்கிவிடும். (நிஜத்தில் அந்த மனிதர் லிஃப்ட் பழுது பார்ப்பவராம். வேலையை மாற்றியது நான்தான். ரொம்ப வசதியாகப் பொருந்துகிறதே என்று தங்கை கிண்டல் செய்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டையை யாராவது குறை சொல்வார்களா?)

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். தராசும் இரண்டொரு தடவை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். மேனேஜர் அவர்கள் வளர்க்கும் நாய். பதினோரு வயது, எட்டுக் கிலோ. நாள் முழுக்க ஒரு வேலையும் பார்க்காமல் போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக் குரைப்பதால் அந்தப் பேர். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்ட வீட்டில் இந்த மூவர்தான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாத நாட்களில்கூட இரண்டு பேரும் நாயோடு பேசுவார்கள். "மேனேஜர், சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு" என்கிற அளவில் குடும்பம் ஓடிவிடும்.

3

'முழுங்கியது என்ன என்று முதலில் பாருங்கள்.' (அறிவிப்பிலிருந்து. தங்கை 'சரி' போட்ட ஒரே வரி.)

தராசுக்குச் சர்க்கரை. ஆறு மாதத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த சிஸ்டர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அவர் மேனேஜர் தலைமேல் கையை வைத்து, இனி இனிப்பைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். (இந்தச் சத்தியம் என் கைச்சரக்கு. சினிமாத்தனமாக இருக்கிறதென்று எடுத்தேன். எடுத்ததும் கதை உப்புச் சப்பில்லாமல் போயிற்று. மறுபடி வைத்திருக்கிறேன். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.)

சத்தியம் ஐந்து மாதம் தாங்கியது. பிறகு ஆபீசில் யாரோ, டார்க் சாக்லேட்டில் சர்க்கரை கம்மி என்று சொல்லித் தொலைத்தார்கள். அன்று சாயங்காலமே தராசு ஒரு பாக்கெட் வாங்கிவிட்டார். இருபது துண்டு, ஒவ்வொன்றும் பத்து கிராம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஜிகினாத் தாள். ஒளித்து வைத்தது எடைக்கற்கள் கொண்டு போகிற மரப்பெட்டியில். பித்தளைக் கற்கள் குழி குழியாக உட்கார்ந்திருக்கும் தட்டைத் தூக்கினால் அடியில் கொஞ்சம் இடம் உண்டு. அரசாங்கப் பெட்டி, வீட்டில் யார் தொடப்போகிறார்கள்? தினமும் மதியம் சாப்பிட்டபின் ஒன்று. குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தால் மனசு கேட்காது என்று பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்காமலே கையை விட்டு எடுப்பார்.

அந்த ஞாயிறு மதியம் சிஸ்டர் குளிக்கப் போயிருந்தாள். தராசு சோபாவில் பெட்டியைத் திறந்து பன்னிரண்டாவதை வாயில் போட்டு, தாளைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். போன் அடித்தது. மேலதிகாரி. பால்கனிக்குப் போய் சாக்லேட் கரையும் வரைக்கும் 'ம்', 'ம்' என்றே பேசி முடித்துத் திரும்பி வந்தால், பாக்கெட் கிழிந்து கிடக்கிறது, தரையில் மூன்று துண்டு சிதறிக் கிடக்கிறது, மேனேஜர் உதட்டை நக்கிக்கொண்டிருக்கிறார்.

3 (இன்னொரு தடவை)

'எவ்வளவு முழுங்கியது, எப்போது முழுங்கியது?' இதுவும் மூன்றாவதுதான். முதல் மூன்றை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போய்விட்டேன்.

தராசு போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, பாலை ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். தராசு உப்புத் தண்ணீர் கரைக்க ஓடினார். சிஸ்டர் ஈரத் தலையோடு வந்து இரண்டு பேரையும் தடுத்தாள். (இது அறிவிப்புக்கும் சேர்த்து: சாக்லேட் நாய்க்கு விஷம். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கிழிந்த பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.) அவள் குனிந்து சோபாவுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள். வெற்றுத் தாள் ஒன்றுகூட இல்லை. தாளோடுதான் முழுங்கியிருக்கிறது.

சாக்லேட் ஏது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தராசுக்கு. எத்தனை தின்றான் என்று மட்டும் கேட்டாள். ஆபீசில் யாரோ கொடுத்தது, இன்றைக்குத்தான் பிரித்தேன், இரண்டே இரண்டுதான் நான் தின்றேன் என்று அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இருபதில் தரையில் மூன்று. அவர் வாயில் இரண்டு. அப்படியானால் மேனேஜர் வயிற்றில் பதினைந்து.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் தன் கணக்கைக் குறைக்கக் குறைக்க நாயின் கணக்கு ஏறுகிறது. ஒரு தட்டு இறங்கினால் மறு தட்டு ஏறும் என்று அவருக்கா தெரியாது? பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது! என் கதாபாத்திரமாயிற்றே, ஒரு தட்டு தட்டி உண்மையைச் சொல்ல வைத்துவிடலாம் என்று பார்த்தேன். பேனாவுக்குப் பிடி கொடுக்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

4

(நான்காம் பகுதி முழுக்கக் கார் ஓட்டம். எடுத்துவிட்டேன். மேனேஜர் ஜன்னலில் தலையை நீட்டிக் காற்று வாங்கியதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.)

5

கிளினிக்கில் சீட்டு எழுதுகிற அம்மாள், "மேனேஜர் உள்ள வரலாம்" என்றதும் பூனையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாராம்.*

என் தங்கை, அதாவது இனிமேல் டாக்டர், நாயை மேசையில் ஏற்றி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். பதினைந்து என்றதும் அவள் முகம் மாறியது. ஒளிக்காமல் சொன்னாள். முதலில் வாந்தி எடுக்க ஊசி. இவ்வளவு தின்றிருந்தால் அது மட்டும் போதாது, மயக்கம் கொடுத்து வயிற்றைக் கழுவ வேண்டும். ஆனால் இவனுக்கு வயதாகிவிட்டது, இதயமும் அவ்வளவு சரியில்லை, மயக்கத்திலிருந்து எழுந்திருப்பான் என்று அவளால் உறுதி சொல்ல முடியாது.

சிஸ்டர் நாயின் காதைத் தடவிக்கொண்டே தராசைப் பார்த்தாள்.

"மென்னு முழுங்காம சொல்லுங்க. எத்தனை?"

மேனேஜர் தராசின் விரல்களை நக்கிக்கொண்டிருந்தார். இவன் இல்லாத வீட்டுக்குள் எப்படிக் காலை வைப்பேன், இவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தராசு நினைத்தார். மானம் போனால் போகட்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

"பன்னெண்டு. பன்னெண்டு நாளா, தினம் ஒண்ணு," என்றார். "சத்தியமா."

கடைசிச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார். சிஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. டாக்டர் மறுபடி கணக்குப் போட்டாள். பதினைந்து, ஐந்தாகக் குறைந்தது. ஐந்தும் ஆபத்துதான், ஆனால் மொத்தத்தையும் வெளியே கொண்டு வந்துவிட்டால் மயக்கம் தேவைப்படாது என்று ஊசியை எடுத்தாள்.

(* நிஜத்தில் நடந்ததாம். இதை மட்டும் நான் கட்டவில்லை.)

6

பத்து நிமிஷத்தில் மேனேஜர் மொத்தத்தையும் கக்கினார். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு கிளறி எண்ணினாள். (சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மன்னிக்கவும்.) ஜிகினாத் தாள் இரண்டு. இன்னொரு தடவை கிளறினாள். இரண்டேதான்.

ஐந்து போய் இரண்டு வந்திருக்கிறது. மிச்சம் மூன்று உள்ளே. வேறு வழியில்லை, வயிற்றைக் கழுவத்தான் வேண்டும் என்று சொல்லி, சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்படி தராசை முன் அறைக்கு அனுப்பினாள். நாய் எழாமல் போனால் டாக்டர் பொறுப்பில்லை என்கிற வரியை அவர் மூன்று தடவை படித்தார். கையெழுத்து யாரோ போட்டது போல விழுந்தது.

இதுவரை நான் தராசின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவரை வெளியே விட்டுவிட்டு உங்களை மட்டும் உள்ளே கூட்டிப் போகிறேன். நியாயமில்லைதான்.

கதவு சாத்திக்கொண்டதும் சிஸ்டர் சொன்னாள்.

"மயக்கம் வேண்டாம் டாக்டர். உள்ள ஒண்ணும் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

சிஸ்டர் ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மூன்று விரலைக் காட்டினாள்.

பெட்டியைப் பத்து நாளுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தாளாம். காத்திருந்த நேரத்தில் ஒன்று. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. நேற்று, டியூட்டி முடிந்து வந்த களைப்பில், மூன்றாவது. அவளுக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அந்தப் பரிசோதனைத் தாளை அவள் வீட்டுக்கே கொண்டு வரவில்லை. தராசு இரண்டு என்று சொன்னபோதே பொய் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது? அதனால்தான் அவரையே கேட்டு, அவர் வாயிலிருந்தே பிடுங்கினாள்.

7

தராசு தாளோடு வந்தபோது டாக்டர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, தேவையில்லை, உள்ளே ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் வரை படுக்க வைத்து நெஞ்சைக் கேட்டுக்கேட்டுப் பார்த்தாள். மேனேஜர் பிழைத்துக்கொண்டார். (நாய் போய்விடுகிற மாதிரி ஒரு முடிவும் எழுதி வைத்திருந்தேன். "என் கிளினிக் சுவத்துல நாய் சாகக் கூடாது" என்று தங்கை கண்டித்துச் சொல்லிவிட்டாள்.)

இத்தனையும் படித்துவிட்டு அவள் சுவரில் மாட்டியது என்ன தெரியுமா? தானே எழுதிய நான்கு வரி. 'பாக்கெட்டில் இருந்தது எத்தனை? மிச்சம் எத்தனை? நீங்கள் தின்றது எத்தனை? (கூட வந்தவர் வெளியே நிற்கலாம்.)'

8

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தங்கைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

முடிவு அ: சிஸ்டர் சொல்லிவிடுகிறாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ரொம்ப இனிப்பு, இந்த வீட்டுக்கு ஆகாது.

முடிவு ஆ: சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து ஆஸ்பத்திரி வார்டில் அவளே ஒரு கட்டிலில் — இல்லை, எழுத மனசு வரவில்லை.

அதனால் அவர்களைக் காரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். தராசு ஓட்டுகிறார். மேனேஜர் சிஸ்டர் மடியில் தூங்குகிறார். சிக்னல் சிவப்பு. எந்தக் கடைக்காரருக்கும் ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொல்கிறார்:

"அப்போ நான்தான் பதினைஞ்சு தின்னிருக்கேன். எனக்கே தெரியாம."

"ஏங்க..." என்கிறாள் சிஸ்டர்.

அவர் திரும்பிப் பார்க்கிறார்.

கொஞ்சம் நகர்ந்து அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். மடியில் எட்டுக் கிலோ தூங்குகிறது, பார்த்து. சிக்னலில் இன்னும் நாற்பது நொடி ஓடுகிறது. பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.