முதலில் போனவள்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் தில்லையம்மாள் அந்தப் படத்தைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. மீன் வாங்க வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரிகள், ஐஸ் இறக்குகிறவர் என்று எல்லோரிடமும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். படத்தில் அவளுடைய சின்ன மருமகள் ஜெயசித்ரா மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு மொட்டைமாடியில் சோலார் பேனல்களுக்கு நடுவே நின்றாள்.

“என் மருமவ. இங்க பாண்டி மேட்டுப்பாளையத்துல சோலார் கம்பெனி. ஆம்பளைங்க ஏற பயப்படுற எடத்துல இவ ஏறுவா.”

மூத்த மருமகள் அன்புசெல்வி இதைத் தன் காதால் கேட்டாள். மாமியாருக்குச் சாப்பாடு கொடுக்க வந்திருந்தவள், தூக்குவாளியைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், புயலில் அவள் புருஷன் முத்துவேலின் வலையெல்லாம் போனபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த பெட்ரோல் பங்க்கில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைச்சாவடியில் அவர்கள் தெருவிலிருந்து அப்படிப் போன முதல் பொம்பளை அவள்தான். தில்லையம்மாள் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ‘ரோட்டுல நின்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் பெட்ரோல் ஊத்தறாளாம்’ என்று தெருவெல்லாம் சொன்னாள். பெட்ரோல் நாற்றம் அடிக்கிறதென்று அவள் தட்டைத் தனியாக வைத்தாள். அன்புசெல்வி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு அந்த பங்க்கில் அவள் சூப்பர்வைசர். கண்ணாடி அறையில் உட்காருகிறாள், சாவி அவளிடம்தான். அவளை யாரும் படம் எடுக்கவில்லை.

பங்க் முதலாளி தெய்வசிகாமணி கொஞ்ச நாளாகக் கவலையில் இருந்தார். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் தமிழ்நாட்டு வண்டிகள் எல்லை தாண்டி வந்து வரிசையில் நிற்கும். அந்த வரிசை இப்போது குறைந்துவந்தது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் பங்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின.

“எங்கியோ கடலுக்கு அந்தாண்ட சண்டை வந்தா இங்க நமக்கு வயித்த கலக்குது,” என்றார் அவர். “எண்ணெய அடுத்தவன்கிட்ட வாங்கித்தானே நாட்டையே ஓட்டறோம்? வெயிலுக்கு யாரையும் கெஞ்ச வேணாம். கூரை மேல சோலார் போட்டு, கீழ வண்டிங்களுக்கு சார்ஜ் ஏத்தற மிஷின் வைக்கப் போறேன்.”

வேலைக்கு வந்தது ஜெயசித்ராவின் கம்பெனி. மூன்று ஆண்களுக்கு அவள்தான் பொறுப்பு. வந்த அன்றைக்கே, “இவங்க எங்க அக்கா, சார். எங்க வீட்டுக்காரரோட அண்ணி,” என்று முதலாளியிடம் சிரித்தபடி சொன்னாள். முதலாளிக்கு அதில் ஏக மகிழ்ச்சி. ஜெயசித்ராவைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்.

“அன்பு, ரெண்டு டீ சொல்லும்மா.”

அன்புசெல்வி டீ சொல்லிவிட்டு வந்தபோது அவள் நாற்காலியில் ஜெயசித்ரா உட்கார்ந்திருந்தாள். உடனே எழுந்துகொண்டாள்தான். ஆனாலும் அந்த ஒரு நொடி அன்புசெல்வியின் நெஞ்சில் தைத்தது.

பத்து நாளில் கூரை முழுக்கப் பேனல் ஏறியது. பெட்ரோல் போட வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, “லேடீஸா மேல நிக்கறது?” என்று ஆச்சரியப்பட்டார்கள். பதினோரு வருஷம் கீழே நின்ற லேடீஸை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்புசெல்வி கண்ணாடி அறையிலிருந்து, கூரை விளிம்பில் தெரிந்த அந்த இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழுக்கிவிட்டால் என்ன என்று ஒரு தடவை தோன்றியது. தோன்றியதும் பயந்துபோய் எழுந்து தண்ணீர் குடித்தாள்.

கடைசியாக மீட்டர் சோதனை மட்டும் பாக்கி. அதற்கு மின்துறை அதிகாரி வியாழக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை மதியம் முதலாளி விழுப்புரம் போயிருந்த நேரத்தில் பங்க் போன் அடித்தது. அந்த அதிகாரிதான் பேசினார்.

“வியாழக்கெழம வேற எடத்துக்குப் போகணும். இன்னிக்கே மூணு மணிக்கு வந்துடறேன். கம்பெனி ஆள இருக்கச் சொல்லுங்க.”

“சரிங்க சார்,” என்றாள் அன்புசெல்வி.

ஜெயசித்ராவின் நம்பர் அவள் போனில் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் வர அரைமணி நேரம்கூட ஆகாது. போனைக் கையில் எடுத்தாள். மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஒரு லாரி வந்தது, ரசீது போட்டாள். மணி இரண்டானது, இரண்டரையானது.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். கம்பெனி ஆள் யாரும் இல்லை. கால்மணி நேரம் நின்று பார்த்தார். “இனிமே ரெண்டு வாரம் ஆவும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி திரும்பி வந்ததும் கொதித்துப்போனார். “அவர் இன்னிக்கே வர்றதா தகவல் வந்துதா?” என்று கேட்டார். “கம்பெனிக்குத் தெரியும்னு நெனச்சேன் சார்,” என்றாள் அன்புசெல்வி. அவர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். தனக்கு யாரும் சொல்லவில்லை என்று ஜெயசித்ரா சொன்னதை அங்கே நம்பவில்லை. மறுநாளே ஜெயசித்ராவைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, குடோனில் பெட்டி எண்ணும் வேலைக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜெயசித்ரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவள் புருஷன் பாலாஜி வாசலில் நின்றான். தில்லையம்மாள் விற்காமல் எடுத்துவைத்திருந்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்து, நடுத்துண்டாகப் பார்த்து ஜெயசித்ராவின் தட்டில் போட்டாள்.

“துன்னுடி. அவனுங்க வேலை போனா போவட்டும். உன்ன மாதிரி ஆள் அவனுங்களுக்கு எங்க கெடைக்கும்?”

தான் நினைத்தது நடந்தும் அன்புசெல்விக்குத் துளி நிம்மதியில்லை. அந்த நடுத்துண்டைப் பார்த்ததும் இத்தனை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது வெடித்தது.

“நான் அழுதப்ப எந்தத் துண்டு போட்டீங்க அத்தை?”

தில்லையம்மாள் கரண்டியோடு திரும்பினாள். “இப்ப என்னாத்துக்கு அந்தப் பேச்சு?”

“ஒரு மாசம் என்கூட பேசல. என் தட்ட தனியா வெச்சீங்க. இவ கூரை மேல ஏறுனா ஊரெல்லாம் படம் காட்டறீங்க.”

“அப்ப பயமா இருந்துச்சுடி. ஊரு என்னா சொல்லுமோன்னு. நீ போயிட்டு வந்து, ஒண்ணும் ஆவலன்னு பாத்தப்புறம்தான் இவள தைரியமா அனுப்புனேன்.”

“அப்ப நான் வெள்ளோட்டமா? அடி படறதுக்கு நானு, பேரு வாங்கறதுக்கு இவளா?” அன்புசெல்வி தன் தட்டைத் தள்ளிவைத்தாள். “நேத்து அந்த ஆபீசர் போன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன். நான்தான் சொல்லல. போதுமா?”

ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு போன் தானேக்கா,” என்றாள் மெதுவாக. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

தில்லையம்மாள் திட்டுவாள் என்று அன்புசெல்வி எதிர்பார்த்தாள். அவளோ அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை முதலாளி வந்ததும் அன்புசெல்வி எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். “பொறாமை சார்,” என்றாள்.

அவர் கையை நீட்டினார். “சாவிய குடுத்துட்டு பெட்ரோல் ஊத்தற நாசில் பக்கம் போ. வேலைய விட்டு அனுப்ப எனக்கு மனசு வரல. ஆனா அந்த ரூம்ல உன்ன இனிமே என்னால உக்காரவெக்க முடியாது.”

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கம்பெனிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். ஜெயசித்ரா மறுபடி பங்க் வேலைக்கு வந்தாள். இரண்டு வாரம் கழித்துச் சோதனை முடிந்தது, மின்சாரம் ஓடியது. ஸ்வீட் கொடுத்தார்கள். நாசிலைப் பிடித்துக்கொண்டிருந்த அன்புசெல்வியிடமும் ஜெயசித்ரா பெட்டியை நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். வீட்டிலும் அப்படித்தான். தண்ணி வந்துடுச்சு, கேஸ் தீந்துடுச்சு என்பதற்கு மேல் பேச்சில்லை.

சார்ஜ் மிஷினைப் பார்த்துக்கொள்ள பங்க்கிலிருந்து ஒருவருக்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு. அன்புசெல்வி தயங்கித் தயங்கி முதலாளியிடம் போய்க் கேட்டாள்.

“பயிற்சி குடுக்கறது அந்தப் பொண்ணுதான். அதுகிட்டயே கேளு.”

அன்றைக்கு முழுக்க அன்புசெல்வி கேட்கவில்லை. மறுநாள் காலை, ஜெயசித்ரா வண்டியைக் கிளப்பும்போது போய் எதிரில் நின்றாள்.

“எனக்கு அந்த வேலை கத்துக்கணும் ஜெயா. இனிமே பெட்ரோல மட்டும் நம்பி இருக்க முடியாது. உனக்கு இஷ்டமில்லன்னா வேணாம்.”

ஜெயசித்ரா ஹெல்மெட்டின் வாரைப் பூட்டினாள். “எனக்கு இன்னும் உங்கமேல கோவம் போவல. எப்ப போவும்னும் தெரியல.” வண்டியை முறுக்கினாள். “ஒம்போது மணிக்கு ஆரம்பம். லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்.”

மேட்டுப்பாளையம் கம்பெனியின் நீண்ட அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஜெயசித்ராவை மேடம் என்றார்கள். அவள் பலகையில் தயங்காமல் படம் போட்டுக்கொண்டே போக, அன்புசெல்விக்கு அந்தப் பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது. அது எங்கும் போய்விடவில்லை. அதையும் வைத்துக்கொண்டுதான் அவள் நோட்டில் எழுதினாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“டேங்கர் லாரி வந்தா மொதல்ல நாங்க கரண்ட் பொறி வராம இருக்க எர்த் கிளிப் மாட்டுவோம். அப்புறம்தான் குழாயில கைய வெப்போம். இந்த மிஷினுக்கு எர்த் சரியா இருக்கான்னு நாங்க எப்படி தெரிஞ்சுக்கறது?”

ஜெயசித்ரா பலகையிலிருந்து திரும்பினாள். “நல்ல கேள்வி. அதுக்குத்தான் வரப்போறேன்.” பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்த சார்ஜ் மிஷினைக் காட்டி, “இங்க வாங்க,” என்றாள்.

அன்புசெல்வி எழுந்து போய் மிஷினுக்கு முன்னால் நின்றாள். ஜெயசித்ரா சொன்ன இடத்தில் பிளக்கைச் சொருகினாள். எர்த் இல்லாவிட்டால் எரியும் சிவப்பு விளக்கு எது, சரியாக இருந்தால் எரியும் பச்சை எது என்று பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.