அப்பா போடக்கூடாத சட்டை

மலர்ச்சாலை ஊழியரிடம் அப்பாவின் உடலுக்கு உடுத்த வேட்டியையும் பட்டுச் சட்டையையும் கொடுத்துக்கொண்டு நின்ற துர்க்காவைத் தேடி வந்து, கஸ்பர் ஒரு பையை நீட்டினார். அப்பாவோடு இறைச்சிக் குளிரறையில் வேலை செய்தவர். அப்பாவின் லொக்கரில் இருந்த சாமான்களாம். முந்தநாள் உடுப்பு மாற்ற முன்னமே அப்பா அந்த லொக்கரடியில் விழுந்து உயிரை விட்டார்.

பையைத் திறந்தாள். சாம்பல் நிறத் தடித்த சட்டை, நெஞ்சில் மூன்று கிரேக்க எழுத்துகள்.

"அண்ணை ஒவ்வொரு நாளும் இதைத்தான் உள்ளுக்குப் போடுறவர்," என்றார் கஸ்பர்.

அந்த எழுத்துகள் துர்க்காவுக்குத் தெரிந்தவைதான். தங்கை நிலாணி பல்கலைக்கழகத்தில் ஒரு சொறோறிட்டியில் சேர்ந்திருந்தாள். காசு கட்டிச் சகோதரிகளாகும் பெண்பிள்ளைகளின் கழகம் அது; சட்டையில் இருந்தது அதன் பெயர். சேரக் கட்டணம், மாதச் சந்தா, அவர்களுடைய வீட்டிலேயே தங்க வாடகை, விருந்துக்கு விருந்து புதுக் கவுண். போகாவிட்டால் அதற்கும் தண்டம். வீடு இருந்த டோர்செட் பார்க்கிலிருந்து ஒரு பஸ்ஸும் ஒரு ரெயினும் எடுத்தால் வகுப்பறை வாசல். கூடப்பிறந்தவளோடு ஓர் அறையில் படுக்க முடியாத மகாராணி, அங்கே நாலு பேரோடு அடுக்குக் கட்டிலில் படுத்தாள். அதற்காகத்தான் பகல் வேலை முடித்த அப்பா இரவில் குளிரறைக்கும் போனார்.

கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் ஹொஸ்டல் என்று அவள் சொன்னதை அப்பா அப்படியே நம்பினார். அந்த வீட்டுக் கதவில் இருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதிவந்து, மோல் கடையொன்றில் கொடுத்துச் சட்டையில் அடிப்பித்தார். பெற்றோரை அழைத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு போனார். அங்கத்தவர் அல்லாதவர் அந்த எழுத்துகளை அணியக்கூடாதாம். தை மாதக் குளிரில், கார் நிறுத்துமிடத்திலேயே நிலாணி அதைக் கழற்றவைத்தாள். பிழை தன்னுடையதுதான் என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார்.

இப்போது நிலாணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தச் சட்டையை என்னட்டைத் தா அக்கா. கழகத்துப் பிள்ளையள் வருவினம்."

தகப்பன் செத்துக் கிடக்கிறார், இவளுக்கு அவைதான் பெரிசு. துர்க்கா சட்டையோடு திரும்பினாள். பட்டுச் சட்டை வேண்டாம், இதைப் போட்டுவிடுங்கள் என்று ஊழியரிடம் கொடுத்தாள்.

சவப்பெட்டியைத் திறந்துவைத்தபோது ஐயர் முகத்தைச் சுளித்தார். இதென்ன கோலமென்று செல்வரட்ணம் பெரியப்பா கேட்டார். மகளின் ஹொஸ்டல் சட்டை என்று துர்க்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். கதிரையில் சாய்ந்திருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னேரம் கழகத்துப் பெண்கள் மூன்று பேர் கறுப்புக் கவுணில் வந்தார்கள். வெள்ளைப் பூங்கொத்து, அளவான சோகம். வரிசையில் அவர்கள் நெருங்கமுன் நிலாணி பெட்டியடிக்கு ஓடினாள். அப்பாவின் இடுப்பில் கிடந்த சால்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள்.

"ஏன் பிள்ளை மூடுறாய்?" என்றார் பெரியப்பா.

"அப்பாவுக்குக் குளிரும்."

அந்தப் பெண்களில் ஒருத்தி நிலாணியின் முதுகைத் தடவினாள். சால்வையின் இரண்டு நுனிகளையும் நிலாணி விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.