வகுப்புக் கேமராவில் ஒரு முகம்

பள்ளிப் படிக்கட்டுக்கு அடியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறைதான் இப்போது கேமரா அறை. நான்கு திரைகள், ஒரு நாற்காலி, கைக்குள் அடங்கும் ஒரு குமிழ். குமிழைச் சாய்த்தால் மாடி வகுப்பின் சுவரில் இருக்கும் கேமரா தலையைத் திருப்பும். முறுக்கினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்.

அந்தக் கேமராவை இயக்கும் வேலைக்கு வந்து மூன்று மாதமான அவளுக்குக் கணக்கு வாத்தியாரைக் கண்டால் பயம். அவருக்குக் கேமராவே ஆகாது. முதல் நாளே பலகை துடைக்கும் துணியால் அதற்கு முக்காடு போட்டவர். ஆனாலும் கணக்குக்கு ஆளில்லாத வேறு மூன்று பள்ளிகள் அவர் பாடத்தைத்தான் திரையில் பார்த்தன.

வகுப்பறை ஒலிபெருக்கியில் பேச அவளிடம் ஒரு மைக் இருந்தது. பாடம் நடக்கையில் அதைத் தொடக்கூடாது என்பது தலைமையாசிரியையின் கண்டிப்பான உத்தரவு. முன்பு இருந்த ஆள் அதை அணைக்க மறந்து தும்மினான். நான்கு பள்ளியும் சிரித்தது, அவன் வேலை போனது.

அன்று காலை வாத்தியார் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தார். அளவுகோல் இல்லாமலே நேராகப் போகும் அவர் கோடு சரிந்து கீழே இறங்கியது. கேமராதான் சாய்ந்துவிட்டதோ என்று அவள் குமிழை அசைத்துப் பார்த்தாள். கேமரா நேராகத்தான் இருந்தது. சாக்பீஸ் விழுந்தது. குனிந்தவர் இடது கையால் அதை எடுத்தார்.

"இப்ப இந்தக் கதவை நீட்டினா..." என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் குமிழை முறுக்கினாள். திரை முழுக்க அவர் முகம். வலப்பக்க உதடு தொங்கியிருந்தது. மோவாயில் எச்சில் வழிந்தது. அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு காலையில் தண்ணீர் டம்ளர் கை நழுவியது. அசதி என்று படுக்க வைத்தார்கள். மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

தப்பாக இருந்தால்? நாலு பள்ளிக்கு முன்னால் அந்த மனிதரை நோயாளி ஆக்கிவிட்டு எந்த முகத்தோடு நிற்பது? மைக் பொத்தான் வரை போன விரலை அவள் பின்னிழுத்தாள். அதற்குள் அவர் மேசையைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தார்.

முதலில் மற்றப் பள்ளிகளுக்குப் போகும் படத்தைத் துண்டித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"சார், உக்காருங்க. முன் பெஞ்சுல இருக்கறவங்க, சாரைப் பிடிச்சுக்கங்க. விழ விடாதீங்க."

அவர் கேமராவை முறைத்தார். "யாரு... கீழ போ," என்று குழறினார். நான்கு பிள்ளைகள் ஓடி வந்து தாங்கினார்கள்.

அவள் ஆம்புலன்சுக்குப் பேசிவிட்டு மாடியேறினாள். வகுப்பு வாசலில் தலைமையாசிரியை. "யாரைக் கேட்டு மைக்கைத் தொட்ட?"

"அவர் வாயைப் பாருங்க மேடம். அப்புறம் என்னைத் திட்டுங்க."

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். உடனே ஆம்புலன்சுக்கு கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லிக் கத்தினார்.

மருத்துவமனையில் டாக்டர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" மூளையில் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நேரம் கடந்தால் போட முடியாதாம். ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். அவள் பள்ளிக்குப் போன் போட்டு, தலைமையாசிரியையிடமே கேமராப் பதிவை ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னாள். கோடு சரிந்தது பத்து பதினேழுக்கு. ஊசி போட்டார்கள். வெளியே பெஞ்சில் வாத்தியார் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். வாத்தியார் தடி ஊன்றி நடந்தார். பதிவைக் காட்டச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கிப் போனில் காட்டினாள். முழுவதையும் பார்த்தார்; கதவு என்று சொன்ன இடத்தை மட்டும் இரண்டு முறை.

"பிள்ளைங்க ஏன் சிரிக்குதுன்னு அன்னைக்கு எனக்குக் கோவம்மா," என்றார், நிறுத்தி நிறுத்தி. "நான் கோடுன்னுதான் சொன்னேன். என் காதுக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

அவள் போனை அணைத்தாள். அன்றைக்கு இல்லாத பயம் இப்போதுதான் அவர் கண்ணில் இருந்தது. உள்ளேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். அவர் எழ, அவள் தோள் கொடுத்தாள்.