பெரிய பேங்க்காரர் ரோட்டைக் கடந்த நாள்

கேரளாவில் ஒரு பேங்க் படுத்துவிட்டது என்று 1960 ஆகஸ்டில் பேப்பரில் வந்ததுதான் தாமதம், மேற்குத் தாம்பரத்துச் சின்ன பேங்க்கின் வாசலில் கூட்டம் நெரிந்தது. மிஷன் பள்ளிக்கூட டீச்சர் ரத்தினபாயும் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். சேலையூரில் வீடு கட்ட அவள் சேர்த்ததெல்லாம் உள்ளே இருந்தது. அவளுக்கு முன்னால் பெரும்பாக்கத்துப் பால்காரி கங்கம்மா.

உள்ளே பணம் தீர்ந்துவிட்டது என்று யாரோ சொல்ல, கதவை இடிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது எதிர்ச்சாரியிலிருந்த பெரிய பேங்க்கின் ஏஜெண்ட் சத்தியநாதன் ரோட்டைக் கடந்து வந்தார்; கிளை மேனேஜரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். பின்னால் இரண்டு பியூன்கள் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்தார்கள்.

"இன்னா சார், உன் பணமும் இங்கதான் கீதா? எடுக்க வந்தியா?" என்றாள் கங்கம்மா.

"போட வந்திருக்கேன்மா."

கூட்டம் சட்டென்று அடங்கி வழிவிட்டது. ரத்தினபாயால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இது உங்க போட்டி பேங்க் ஆச்சே சார்?"

"இன்னிக்கு இந்தக் கதவு சாத்தினா, நாளைக்கு இதே ஜனம் என் வாசல்ல நிக்கும் டீச்சர். ஹெட் ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்லிட்டேன்."

"உங்களுது அவ்வளவு பெரிய பேங்க். உங்களுக்கு என்ன பயம்?"

"எவ்வளவு பெரிசானாலும் பணம் பெட்டியில தூங்காது. பல்லாவரம் தோல் மண்டியில இருக்கு, லாரியில இருக்கு, கட்டுற வீட்ல இருக்கு. ஒரே நாள்ல எல்லாத்தையும் பிடுங்கிக் கொண்டுவர யாராலயும் முடியாது. இவங்க கொடுத்த கடன் எல்லாம் நல்ல கடன். ஆனா பேங்க்கோட சொந்த முதல் கொஞ்சம். ஒரு அடி தாங்கும். இன்னொண்ணு தாங்குமான்னு தெரியாது."

அவர் உள்ளே போய்விட்டார். ரத்தினபாய் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். செங்கல் ஏற்றிய லாரி ஒன்று போனது. அந்தச் செங்கல்லில் தன் சம்பளமும் கங்கம்மாவின் பால் காசும் இருக்கலாம் என்று தோன்றியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. முன்பின் தெரியாத இத்தனை பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் ஊரிலா இவ்வளவு நாள் நடமாடினோம் என்று மலைத்துப்போனாள்.

கங்கம்மா முந்தானையை உதறினாள். "பெரியவனே போடறான். நான் இன்னாத்துக்கு எடுக்கணும்?" என்று நடையைக் கட்டினாள். மத்தியானத்துக்குள் வாசல் காலியாகிவிட்டது.

ஆனால் சொந்த முதல் போதாதென்று அடுத்த வருஷமே சின்ன பேங்க் பெரியதோடு சேர்க்கப்பட்டது. யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை. ரத்தினபாய் வீடு கட்டத் தன் சேமிப்பு போக மிச்சத்துக்குக் கடன் கேட்டு சத்தியநாதனிடமே போனாள். யாருடைய பணமோ தனக்குக் கூரையாகப் போகிறது என்ற நினைப்பில், அவள் ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.